மார்கழிக் காலையில் லாரி உதறுகிறதா? சூடாவதற்குள் பாருங்கள்

மார்கழி விடியற்காலை நாலரை மணிக்குக் கடலூர் முதுநகர் பக்கம் லாரிகள் நிற்கிற எந்த இடத்துக்குப் போனாலும் இந்தச் சத்தத்தைக் கேட்கலாம். செல்ஃப் மோட்டார் வழக்கத்தைவிட நாலு சுற்று கூடுதலாகச் சுற்றும். எஞ்சின் பிடிக்கும், ஆனால் பிடித்தவுடன் ஒரே சீராக ஓடாது, டக்… டக்டக்… டக் என்று விட்டு விட்டு அடிக்கும், கேபின் கண்ணாடி கிடுகிடு என்று ஆடும், சைலன்சரிலிருந்து கண்ணை எரிக்கிற வெள்ளைப் புகை வரும். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்து ரேஸ் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். வண்டி கிளம்பிவிடும், அன்று முழுக்க அந்த நினைப்பே வராது.

மறுநாள் காலை அதே கதை.

எனக்குத் தெரிந்து இந்த ஒரு கோளாறுக்குத்தான் லாரிக்காரர்கள் தேவையில்லாமல் அதிகம் செலவு செய்கிறார்கள். காரணம் ரொம்ப எளிது. கோளாறு இருப்பது காலை நாலரைக்கு. ஒர்க்‌ஷாப்பில் பார்ப்பது காலை பத்தரைக்கு. அந்த நேரத்தில் எஞ்சின் சூடாக, சீராக ஓடிக்கொண்டிருக்கிறது, மெக்கானிக்குக் காட்ட அதில் ஒன்றுமே இல்லை. அவர் ஊகித்துத்தான் சொல்ல முடியும். ஊகம், சிலிண்டருக்குள் டீசலைத் தூவுகிற நாசிலில் ஆரம்பித்து, அதற்கு டீசலை அழுத்தி அனுப்புகிற பம்ப்பில் போய் முடியும், இரண்டும் கழன்று சர்வீஸுக்குப் போகும். எனக்கே அப்படி நடந்திருக்கிறது. ஒரு பழைய ஆறு சிலிண்டர் வண்டிக்கு நாசில் ஆறும் மாற்றி, பம்ப்பையும் பிரித்துப் பூட்டி, ஒரு வாரம் வண்டி நின்றது. கடைசியில் பார்த்தால் டேங்கிலிருந்து வருகிற ரப்பர் ஹோஸில் ஒரு மயிரிழை வெடிப்பு. ஒரு முழ ஹோஸ், இரண்டு கிளிப், அவ்வளவுதான் வேலை.

அதனால் இதை டிரைவர்தான் பார்க்க வேண்டும், அதுவும் வண்டி இரவு தூங்கிய இடத்திலேயே, எஞ்சின் சூடாவதற்குள் பார்க்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் எஞ்சின் சொல்வதை அதற்கப்புறம் எந்த ஸ்கேனரும் சொல்லாது.

நம் ஊர்க் குளிர் ஒரு குளிரா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், கடலூரிலோ புதுச்சேரியிலோ தை மாத விடியலில்கூட 20 டிகிரிப் பக்கம்தான் நிற்கிறது. நல்ல டீசல் எஞ்சின் 20 டிகிரியில் எந்தச் சிணுங்கலும் இல்லாமல் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் எங்கோ ஒரு பலவீனம் இருக்கிறது, வெயில் காலத்தில் அது தெரியாமல் இருந்தது என்றுதான் அர்த்தம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறக்குறைய 17-க்கு ஒன்று என்கிற அளவுக்கு அமுக்குகிறது, அமுங்கிய காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. எஞ்சின் பிளாக் ஜில்லென்று இருந்தால் அது அந்தச் சூட்டில் ஒரு பங்கை உறிஞ்சிவிடும். பிஸ்டன் ரிங் தேய்ந்த சிலிண்டரில் காற்று கீழே கசிந்து சூடு இன்னும் குறையும். நாசில் பனிமாதிரி தூவாமல் சொட்டுச் சொட்டாக விட்டால் அந்தக் குறைந்த சூட்டில் சொட்டு எரியாது. அப்படி ஒரே ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டாலும் மொத்த வண்டியும் உதறும். இதே வண்டி திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி தாண்டி ஓசூரில் இரவு தங்கினால் அங்கே இன்னும் ஐந்தாறு டிகிரி குறைவு, ஊட்டி ஏறினால் கேட்கவே வேண்டாம். கடலூரில் இரண்டு நிமிடம் உதறுகிற வண்டி அங்கே பத்து நிமிடம் உதறும்.

சாவியைத் திருப்புவதற்கு முன்னால்

ராத்திரி நிறுத்தும்போதே இரண்டு விஷயத்தைக் கவனித்து வையுங்கள். டேங்கில் டீசல் எவ்வளவு இருந்தது, வண்டி மேடு பார்த்து நின்றதா பள்ளம் பார்த்து நின்றதா. டேங்க் கால்வாசி இருக்கும்போது மட்டும் காலையில் தொல்லை, நிறைய இருக்கும்போது இல்லை என்றால், அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. லைனில் எங்கோ காற்று புகுந்து டீசல் டேங்குக்குத் திரும்பி ஓடுகிறது. முன்பக்கம் மேடாக நிறுத்தினால் தொல்லை அதிகம் என்றாலும் பெரும்பாலும் அதே சங்கதிதான்.

காலையில் முதல் வேலை, தண்ணீர் வடிப்பது. டீசலைவிடத் தண்ணீர் கனமானது, ராத்திரி முழுக்க வண்டி அசையாமல் நின்றதில் தண்ணீர் எல்லாம், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற வாட்டர் செப்பரேட்டரின் அடியில் இறங்கியிருக்கும், அதனால் இதற்கு விடியற்காலையைவிட நல்ல நேரம் கிடையாது. ஒரு பழைய கண்ணாடி பாட்டிலைப் பிடித்து அடியில் இருக்கிற திருகைத் திறந்து ஒரு டம்ளர் அளவு இறக்குங்கள். பத்து நிமிடம் வைத்துப் பார்த்தால் அடியில் தண்ணீர் தனியாக நிற்பது தெரியும். நம் கடலோரத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை. பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று இருக்கிறது, ராத்திரி தகடு குளிர்ந்தால் உள்பக்கம் வியர்க்கிறது, அது அத்தனையும் அடியில் சேர்கிறது. மழைக்காலம் இதைவிட மோசம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது கொட்டிய மழையையும், அதற்கடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி நேரத்தில் டேங்க் அளவுக்குத் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் செப்பரேட்டரை மட்டும் வடித்தால் போதாது, டேங்கின் அடி பிளக்கையே கழற்றி வடிக்க வேண்டும், மூடியின் ரப்பர் வாஷரையும் பார்க்க வேண்டும்.

தண்ணீர் வந்தால் சுத்தமாகும்வரை வடித்து, ஃபில்டரை மாற்றி, அடுத்த இரண்டு மூன்று காலையும் இதே மாதிரி வடித்துப் பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் அடுத்ததுக்குப் போகலாம்.

அடுத்தது பேட்டரி. பெரிய லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்து 24 வோல்ட். ராத்திரி ஓய்ந்த பிறகு நல்ல பேட்டரி ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது இரண்டும் சேர்ந்து 19 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியோ ஒயரோ பலவீனம். இதற்கும் உதறலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எஞ்சினை மெதுவாகச் சுற்றினால் அமுங்குகிற காற்று கசிய நேரம் கிடைக்கிறது, சூடு ஏறுவதில்லை, பாதி சிலிண்டர் பற்றாமலேயே எஞ்சின் ஓட ஆரம்பிக்கும். கம்ப்யூட்டர் வைத்த வண்டி என்றால் வோல்ட் குறைந்ததும் அதன் கணக்கே குழம்பும். மரக்காணம் உப்பு லோடு, துறைமுகத்து மீன் லோடு ஏற்றுகிற வண்டிகளில் பேட்டரியைவிட, அதைச் சேஸிஸோடு இணைக்கிற எர்த் பட்டையைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். சேஸிஸில் அது பூட்டியிருக்கிற இடத்தைக் கழற்றிப் பாருங்கள், பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். தேய்த்துச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, இறுக்கிப் பூட்டுங்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்யலாம், ஆனால் ரேஸ் கொடுக்காதீர்கள்

ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தோளில் துண்டு, இடுப்பில் லுங்கியோடு ஓடுகிற எஞ்சின் பக்கம் போகவே வேண்டாம், ஃபேன் பெல்ட்டுக்கு யார் என்று தெரியாது. கேபினைத் தூக்கினால் லாக் விழுந்ததா என்று கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையை உள்ளே விட வேண்டும்.

ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்லோவிலேயே ஓடவிட்டு, கிளீனரை உட்காரவைத்துவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் போய் நில்லுங்கள். முதலில் காது. உதறல் ஒரே தாளத்தில் வந்தால், அதாவது சரியான இடைவெளியில் ஒரு அடி மட்டும் விட்டுப்போனால், ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் எரியவில்லை. தாளமே இல்லாமல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடினால் அது சிலிண்டர் விஷயம் இல்லை, எல்லாச் சிலிண்டருக்கும் போகிற டீசலில் காற்றோ தண்ணீரோ இருக்கிறது, அல்லது ஃபில்டர் அடைப்பு. சைலன்சரில் அடி ஒரே சீராக வருகிறது, ஆனால் கேபின் மட்டும் ஆடுகிறது என்றால் எஞ்சினை விட்டுவிடுங்கள், மவுண்டிங் ரப்பர் போய்விட்டது. ரப்பர் குளிரில் இறுகும், அதனால் அந்த ஆட்டமும் காலையில்தான் அதிகம் தெரியும், நிறையப் பேர் அங்கே ஏமாறுகிறார்கள்.

அடுத்து புகை. வெள்ளைப் புகை, கண் எரிச்சல், பச்சை டீசல் வாடை என்றால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியாமல் வெளியே வருகிறது. சூடு போதவில்லை, அல்லது நாசில் சொட்டுகிறது, அல்லது பம்ப் டைமிங் பின்தங்கியிருக்கிறது. சமீபத்தில் யாராவது பம்ப்பைக் கழற்றிப் பூட்டியிருந்தால் டைமிங்கைத்தான் முதலில் கேட்க வேண்டும். வெள்ளையாக இருந்தும் வாடையே இல்லை, இரண்டடி போனதும் காற்றில் மறைந்துவிடுகிறது என்றால் அது வெறும் நீராவி, பனிக் காலையில் எல்லா வண்டியிலும் வரும், பயப்பட ஒன்றும் இல்லை. மறையாமல் தொங்குகிறது, லேசாக இனிப்பு வாடை அடிக்கிறது, ரேடியேட்டரில் கூலன்ட் வேறு குறைகிறது என்றால் சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் பக்கம் போக வேண்டும், அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். நீலப் புகை எஞ்சின் ஆயில் எரிவது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம், ஏர் ஃபில்டரில் ஆரம்பியுங்கள்.

ஒரு அடி விட்டுப்போய், புகையே இல்லாமல் உதறுகிறதா? எரியாத சிலிண்டருக்கு டீசலே போகவில்லை. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதிச் செலவு மிச்சம்.

காற்று

பழைய பம்ப் வைத்த வண்டிகளில், நான் பார்த்தவரை, குளிர்காலை உதறலுக்கு முதல் காரணம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தருகிற சின்னப் பம்ப்தான் ஃபீட் பம்ப், அதுவரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. உறிஞ்சுகிற பக்கத்தில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் கீழே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் ஒளிந்திருக்கிறது. பகலில் எஞ்சின் சூட்டில் ரப்பர் இளகி வெடிப்பை மூடிக்கொள்கிறது, ராத்திரி இறுகித் திறந்துகொள்கிறது, டீசல் மெல்ல டேங்குக்கு இறங்கிவிடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் லைனில் மிச்சம் இருந்த டீசலில் எஞ்சின் பிடித்து, அடுத்த பத்து இருபது நொடியில் காற்றுக் குமிழி வந்து சேர, உதற ஆரம்பிக்கும். ஸ்டார்ட் ஆன உடனே நன்றாக ஓடி அப்புறம் உதறினால் இந்த இடத்தை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

சோதனைக்குப் பத்துப் பைசா செலவில்லை. ஒரு நாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஃபீட் பம்ப்பில் இருக்கிற கைப் பிரைமரை அது கெட்டியாகும்வரை அடியுங்கள். முதல் பத்துப் பதினைந்து அடி லேசாகப் போய் அப்புறம்தான் கெட்டியாகிறது என்றால் லைன் காலியாக இருந்தது. ஃபில்டர் மேல் இருக்கிற, காற்றை வெளியேற்றுகிற பிளீடிங் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை அடித்து, இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அன்று மட்டும் உதறாமல் ஓடினால் நாசிலையும் பம்ப்பையும் யாரும் தொட வேண்டாம்.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது அடுத்த வேலை. ஃபீட் பம்ப்புக்கு முன்னால் டீசல் தாங்குகிற கண்ணாடி மாதிரி தெரிகிற ஹோஸ் ஒரு முழம் தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள், குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். குமிழி தெரிந்தால் கோளாறு அதற்கும் டேங்குக்கும் நடுவில். அப்புறம் டேங்கை நோக்கி ஒவ்வொரு கிளிப், ஒவ்வொரு இணைப்பு என்று போக வேண்டியதுதான். இன்னொரு உறுதியான வழி, ஒரு சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, புது ஹோஸ் ஒன்றை நேராகக் கேனிலிருந்து ஃபீட் பம்ப்புக்குக் கொடுத்து ஒரு ராத்திரி விட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வது. உதறல் போனால் டேங்கிலிருந்து வருகிற லைனிலோ டேங்குக்குள் இருக்கிற உறிஞ்சு குழாயிலோதான் ஓட்டை. போகவில்லை என்றால் ஃபீட் பம்ப்பின் உள் வால்வு, ஃபில்டர் தலையின் வாஷர், டீசல் பைப்பை இணைக்கிற பான்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷர் இவற்றைப் பார்க்க வேண்டும். ஒருமுறை நசுங்கிய காப்பர் வாஷரை மறுபடியும் போடாதீர்கள், அதில் மிச்சம் பிடிக்கிற பணம் மார்கழியில் செல்ஃப் மோட்டார் செலவாகத் திரும்பி வரும்.

எந்தச் சிலிண்டர்?

தாளத்தோடு ஒரு அடி விட்டுப்போகிறது என்றால் எது என்று பிடிக்க வேண்டும், அதுவும் குளிர் இருக்கும்போதே. இங்கே ஒரு எச்சரிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் முறை, ஒவ்வொரு நாசிலுக்கும் பம்ப்பிலிருந்து தனித்தனி பைப் போகிற பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும்தான். எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரெயில் வண்டியில், அதாவது பெரும்பாலும் பிஎஸ் 4, பிஎஸ் 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் காலத்து வண்டிகளில், ஓடுகிற எஞ்சினில் அந்த நட்டைத் தொடவே கூடாது. உள்ளே 1600 பார், அதற்கு மேலும் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் பீறிடுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், கவனிக்காமல் விட்டால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரும். அப்படி யாருக்காவது பட்டுவிட்டால் வலி இல்லை என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பழைய பம்ப்பிலும் அழுத்தம் குறைவென்று நினைக்காதீர்கள், நாசில் திறப்பதே 200 பாருக்குப் பக்கத்தில்தான்.

சரி, பழைய வண்டி. எஞ்சின் ஸ்லோவில் உதறிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு நாசிலின் பைப் நட்டையும் ஒரு துணியைச் சுற்றி அரைச் சுற்று தளர்த்துங்கள். கையை நேர் எதிரில் வைக்காதீர்கள், டீசல் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களின் புகைக் குழாயில், படாமல் துணி பிடிக்கட்டும். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் சத்தம் மாறும், வேகம் இறங்கும், உதறல் கூடும். எதைத் தளர்த்தினால் எந்த மாற்றமும் தெரியவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். எதைத் தளர்த்தினால் டங் டங் என்கிற தட்டல் மட்டும் நிற்கிறதோ அந்த நாசில் சொட்டுகிறது. ஒன்றை இறுக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தளர்த்த வேண்டும்.

புது வண்டிக்கும் பழைய வண்டிக்கும் பொதுவான, ஆபத்தில்லாத வழி ஒன்று உண்டு. ஜில்லென்ற எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எரிகிற சிலிண்டரில் சொட்டு சீக்கிரம் காயும், எரியாததில் அப்படியே நிற்கும். சூடு அளக்கிற துப்பாக்கி இருந்தால் அதை வைத்து ஒவ்வொன்றாகப் பிடித்தால் எண்ணே கிடைத்துவிடும். ஐந்து நிமிடம் விட்டுவிட்டீர்கள் என்றால் எல்லாக் கிளையும் சூடாகி வித்தியாசம் போய்விடும். அன்றைக்கு அவ்வளவுதான், அடுத்த நாள் காலை வரை காத்திருக்க வேண்டும்.

சிலிண்டர் தெரிந்ததும் உடனே நாசில் வாங்க ஓடாதீர்கள். பழைய பம்ப் வண்டியில் அந்த நாசிலையும் பக்கத்து நாசிலையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள், புது காப்பர் வாஷரோடு. மறுநாள் காலை கோளாறு நாசிலோடு பக்கத்துச் சிலிண்டருக்குப் போய்விட்டால் நாசில்தான் குற்றவாளி, அந்த ஒன்றை மட்டும் நாசில் சோதிக்கிற ஸ்டாண்டில் போட்டுப் பார்த்தால் போதும். கோளாறு அதே சிலிண்டரிலேயே நின்றால் நாசில் நல்லது, குற்றவாளி டேப்பெட் கேப் (வால்வைத் திறக்கிற பாகத்தில் விடுகிற இடைவெளி), வால்வு, ரிங், அல்லது பம்ப்பில் அந்தச் சிலிண்டருக்கு டீசல் தள்ளுகிற எலிமென்ட். டேப்பெட் பார்ப்பது மலிவு, அதனால் அது முதலில், உங்கள் எஞ்சினுக்குக் கம்பெனி சொன்ன அளவில். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பார்த்தால் ரயில் எஞ்சின் மாதிரி புகை தள்ளுகிறது என்றால் ரிங் தேய்ந்துவிட்டது, அதற்குக் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். எல்லாச் சிலிண்டரும் கொஞ்சம் குறைவாக இருப்பதைவிட ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ரொம்பக் குறைவாக இருப்பதுதான் உதறலைக் கொண்டுவரும். காமன் ரெயிலில் நாசிலை இப்படி இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. நிறைய வண்டிகளில் ஒவ்வொரு நாசிலுக்கும் தனி எண் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும், மாற்றினால் எண்ணையும் மாற்ற வேண்டும். அங்கே மிச்ச டீசல் திரும்பிப் போகிற ரிட்டர்ன் பைப்பில் சின்ன பாட்டில்கள் வைத்து எந்த நாசில் அதிகம் திருப்பி அனுப்புகிறது என்று பார்ப்பதுதான் முறை.

கம்ப்யூட்டர் வண்டி என்றால்

ஸ்கேனர் வைத்திருப்பவரை விடியற்காலையில் கூப்பிட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ராத்திரியே வண்டியை அவர் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிட்டு வாருங்கள். காலையில் சாவியை ஆன் மட்டும் செய்து, ஸ்டார்ட் செய்யாமல், கூலன்ட் சூடும் உள்ளே போகும் காற்றின் சூடும் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் வெளிச் சூட்டோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். வெளியே 21, கூலன்ட் 60 என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது, கம்ப்யூட்டர் எஞ்சின் சூடாக இருக்கிறது என்று நம்பிக் குளிருக்கு வேண்டிய டீசலைக் கொடுக்காமல் விடுகிறது. மைனஸ் 40 காட்டினால் பெரும்பாலும் ஒயரோ சாக்கெட்டோ விட்டுப்போயிருக்கும். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற ஈஜிஆர் வால்வு கரியடைத்துத் திறந்தபடியே நின்றாலும் குளிரில் உதறல் வரும், புகை மறுபடி உள்ளே போய்க் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிஎஸ் 6 வண்டியில் யூரியாத் தண்ணீர் உறைந்துவிட்டது, அதனால்தான் உதறுகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது உறைவது மைனஸ் 11 டிகிரியில், அதுவும் புகை சுத்தம் செய்கிற பக்கம் இருக்கிறது, எஞ்சின் எரிவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று, இது நம் பக்கத்து வழக்கம், மனவருத்தத்தோடுதான் சொல்கிறேன். வெயிலில் எஞ்சின் சூடேறுகிறது என்று, எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கத்திரி வெயிலில் அது தெரியாது. மார்கழியில் அந்த எஞ்சின் 80 டிகிரி தொடவே அரை மணி நேரம் ஆகும், அதுவரை உதறும், டீசல் குடிக்கும், எரியாத டீசல் ஆயிலில் இறங்கி ஆயிலைக் கெடுக்கும். கேஜ் முள் எப்போதும் கீழேயே படுத்திருக்கிற வண்டி என்றால் இதைத்தான் முதலில் கேளுங்கள். புது தெர்மோஸ்டாட்டின் விலை ஒரு டேங்க் டீசலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வடக்கே லோடு போகிறவர்களுக்கு

பண்ருட்டியிலிருந்து முந்திரிப் பருப்பு ஏற்றிக்கொண்டு தை மாதத்தில் நாக்பூர் தாண்டிப் போகிறவர்களுக்குக் குளிர் வேறு விதமாக வரும். டீசலில் மெழுகு இருக்கிறது. குளிர் கூடினால் அது பொடிப்பொடியாகத் திரண்டு ஃபில்டரை அடைக்கும். எந்தக் குளிர்வரை டீசல் ஃபில்டரை அடைக்காமல் போக வேண்டும் என்பதற்கு இந்தியத் தர அளவான ஐஎஸ் 1460-இல் குளிர்காலத்துக்கு 6 டிகிரி, கோடைக்கு 18 டிகிரி என்று எல்லை வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டைவிட விலை குறைவு என்று புதுச்சேரியில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புவது எல்லோரும் செய்வதுதான், தப்பில்லை. ஆனால் பல மாதமாக டிரம்மில் கிடந்த டீசலை ஊற்றிக்கொண்டு வடக்கே போகாதீர்கள், குளிர்ப் பகுதிக்குள் நுழைவதற்கு முன்பே பாதி டேங்க் அந்தப் பக்கத்து டீசல் சேர்ந்துவிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மெழுகு கட்டியதன் அடையாளம் தனி. ஸ்டார்ட் ஆகும், ஒன்றிரண்டு நிமிடம் நன்றாக ஓடும், அப்புறம் மூச்சுத் திணறுகிற மாதிரி தளர்ந்து நின்றுவிடும். ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே நெய் உறைந்த மாதிரி இருக்கும். கைவசம் இரண்டு ஃபில்டர் வைத்திருங்கள், மாற்றிவிட்டு வெயில் ஏறும்வரை பொறுத்துக் கிளம்புங்கள். டேங்குக்கு அடியில் தீ மூட்டிச் சூடு காட்டுகிறவர்களை அங்கே பார்ப்பீர்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், லோடும் வண்டியும் கிளீனர் பையனும் ஒரு பீடித் துண்டில் போய்விடும். கெரசின் கலப்பதும் வேண்டாம். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம், டீசலில் இருக்கிற வழவழப்பு கெரசினில் இல்லை, பம்ப்பும் நாசிலும் தேய்ந்து போகும். ஹீட்டரோ, ஸ்டார்ட் செய்வதற்கு முன் சிலிண்டரைச் சூடாக்குகிற குளோ பிளக்கோ இருக்கிற வண்டியில், சீக்கிரம் பற்றட்டும் என்று ஈதர் ஸ்பிரே அடிப்பது அதைவிட ஆபத்து, உள்ளேயே வெடிக்கும்.

குளோ பிளக் சின்ன வண்டிகளில்தான் அதிகம். ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள், நல்லது ஒன்று இரண்டு ஓமுக்குள் காட்டும், போனது ஒன்றுமே காட்டாது. நாலில் ஒன்று போனாலே ஓசூர்க் குளிரில் அந்தச் சிலிண்டர் அடம்பிடிக்கும்.

வேலை முடிந்ததும் அன்றைக்குச் சாயங்காலம் எஞ்சின் சீராக ஓடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், அது சாயங்காலம் எப்போதுமே சீராகத்தான் ஓடியது. டேங்க் கால்வாசி இருக்கும்போது, முன்பக்கம் கொஞ்சம் மேடாக, வழக்கமாக நிறுத்துகிற இடத்திலேயே ராத்திரி நிறுத்துங்கள். கழற்றிய பழைய ஹோஸ், வாஷர், நாசில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு சீட்டுக்கு அடியில் வையுங்கள். விடியற்காலை நாலரைக்கு, பிரைமர் அடிக்காமல், ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து சைலன்சர் பக்கம் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். மூன்று காலை தொடர்ந்து சீராக அடித்தால் அந்தப் பையைக் காலி செய்யலாம்.